வியாழனின் மங்கலான வளையத்தைக் குட்டி நிலவுகள் மேய்க்கின்றனவா, உண்டாக்குகின்றனவா?

இரவாடி:

ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி எடுத்து 2022 ஆகஸ்டில் வெளிவந்த வியாழன் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கோளின் இரண்டு பக்கமும் மெல்லிய கோடாக வளையம், அதன் இடது ஓரத்தில் ஒரு புள்ளியாக அட்ராஸ்டியா நிலவு, இன்னும் தள்ளி அமால்தியா நிலவு. வளையம் கோளைவிடப் பத்து லட்சம் மடங்கு மங்கல் என்று படத்தோடு குறிப்பு போட்டிருந்தார்கள்.

என் கேள்வி இதுதான். சனியைப் பற்றிப் படித்தால் மேய்ப்பன் நிலவுகள் என்று வரும். ப்ரொமீத்தியஸ் உள்பக்கம், பண்டோரா வெளிப்பக்கம், நடுவில் எஃப் வளையம் சிதறாமல் இருக்கிறது என்பார்கள். வியாழனில் அதே வேலையை மீட்டிஸும் அட்ராஸ்டியாவும் பார்க்கின்றனவா? அட்ராஸ்டியாவின் சராசரி விட்டமே 16 கிமீதான். அப்படி ஒரு கல் ஆறாயிரம் கிமீக்கு மேல் அகலமுள்ள வளையத்தை எப்படிப் பிடித்து வைக்கும்? கல்லூரி இயற்பியல் அளவுக்குக் கணக்கு போடத் தெரியும், அதனால் விவரமாகவே சொல்லுங்கள்.

நெடுவழி:

மேய்ப்பன் நிலவு எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கோளுக்கு அருகில் இருப்பது வேகமாகச் சுற்றும், தள்ளி இருப்பது மெதுவாக. உள்ளே ஓடும் நிலவு வளையத் துகளை முந்திக்கொண்டு போகும்போது தன் ஈர்ப்பால் அதற்குக் கொஞ்சம் கோண உந்தம் கொடுக்கிறது, துகள் வெளியே நகர்கிறது. வெளியே இருக்கும் நிலவு பின்தங்கும், அது துகளிடமிருந்து கோண உந்தத்தை எடுத்துக்கொள்கிறது, துகள் உள்ளே நகர்கிறது. இரண்டு நிலவும் துகளைத் தம்மிடமிருந்து விலக்கியே வைப்பதால் நடுவில் ஒல்லியான வளையம் நிற்கிறது.

யுரேனஸின் ஒல்லி வளையங்களை விளக்குவதற்காக 1979ல் கோல்ட்ரைக், ட்ரிமெய்ன் இருவரும் சொன்ன கருத்து இது. அடுத்த ஆண்டே வாயேஜர் 1 விண்கலம் ப்ரொமீத்தியஸையும் பண்டோராவையும் காட்டியது. 1986ல் வாயேஜர் 2 யுரேனஸின் எப்சிலான் வளையத்துக்கு இரு பக்கமும் கார்டீலியா, ஒஃபீலியா என்று இரண்டைக் கண்டது. கணக்கில் வந்த நிலவுகள் படத்தில் வந்து நின்றன, இது சாதாரணக் காரியம் இல்லை. வியாழனின் முதன்மை வளையம் அட்ராஸ்டியாவின் சுற்றுப்பாதையில் சட்டென்று முடிகிறது. அங்கே நிலவு இருக்கிறது, அங்கேயே விளிம்பும் இருக்கிறது. இதுவும் அதே குடும்பம்தான் என்பேன்.

விண்தச்சன்:

நெடுவழி சொன்ன மேய்ப்பன் விளக்கம் எப்சிலான் வளையத்துக்கு நன்றாகவே பொருந்தும். வியாழனுக்குப் பொருந்தாது. இரண்டும் வேறு வேறு வகை வளையம் என்பதைப் பிடித்துக்கொள்ளாமல் மேலே போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

எப்சிலான் வளையத்தில் கற்கள் அடர்த்தியாகக் கிடக்கின்றன, ஒன்றோடொன்று மோதுகின்றன, மோதிமோதி வளையம் இரு பக்கமும் பரவப் பார்க்கிறது. அந்தப் பரவலைத் தடுக்கத்தான் மேய்ப்பன் வேண்டும். வியாழன் வளையத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் தூசு, அதுவும் மிகச் சன்னமாக. ஒரு தூசு இன்னொன்றோடு மோதுவதே அரிது. அங்கே நிலவு தூசைப் பிடித்து வைக்கவில்லை தம்பி. அந்தத் தூசே நிலவின் உடம்பிலிருந்து வந்ததுதான்.

எப்படி என்றால், விண்வெளியில் திரியும் நுண்விண்கற்களை வியாழனின் ஈர்ப்பு தன் பக்கம் இழுக்கிறது. மீட்டிஸ் இருக்கும் 128,000 கிமீ தூரத்துக்கு வந்து சேரும்போது அவற்றின் வேகம் நொடிக்கு 44 கிமீக்கு மேல். மீட்டிஸே நொடிக்கு 31 கிமீ வேகத்தில் ஓடுகிறது, எதிரும் புதிருமாக மோதினால் 70ஐத் தாண்டும். அந்த வேகத்தில் ஒரு மணல் துணுக்கு வந்து இடித்தாலே அதன் எடையைப் போலப் பல மடங்கு தூசு கிளம்பும். பெரிய நிலவாக இருந்தால் கிளம்பிய தூசு திரும்ப அதன் மேலேயே விழுந்துவிடும். வியாழனின் பெரிய நிலவான ஐயோவை விட்டுத் தப்ப நொடிக்கு இரண்டரை கிமீ வேகம் வேண்டும். அட்ராஸ்டியாவை விட்டுப் போகச் சில மீட்டர் போதும். அதிலும் அது வியாழனுக்கு மிக நெருக்கம், கோளைப் பார்த்த முனையிலும் எதிர் முனையிலும் அலையிழுப்பு, அதாவது கோளின் ஈர்ப்பு நிலவை இரு பக்கமும் இழுத்து நீட்டுவது, அதன் சொந்த ஈர்ப்பைக் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கிவிடுகிறது. கிளம்பிய தூசு அப்படியே போய்விடும்.

அதனால் கேள்வியையே திருப்பிப் போடலாம். சின்னதாக இருந்தும் எப்படி என்று வியப்பதற்கு எதுவும் இல்லை, சின்னதாக இருப்பதால்தான் இது நடக்கிறது. ரொம்பச் சின்னது என்றால் அடி வாங்கப் பரப்பு போதாது, ரொம்பப் பெரிது என்றால் தூசு தப்பாது. இடைப்பட்டதில் கிட்டத்தட்ட 10 கிமீ ஆரம் உள்ள நிலவுதான் அதிகத் தூசு தரும் என்று ஒரு கணக்கு உண்டு. அட்ராஸ்டியா அதற்கு மிக அருகில் இருக்கிறது.

மேகலை டீச்சர்:

விண்தச்சன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். தூசு நிலைத்து நிற்காது, அதுதான் இந்த வளையங்களின் அடிப்படை. சூரிய ஒளியை வாங்கித் திருப்பி உமிழும்போது துகளுக்கு ஒரு சிறு தடை ஏற்படுகிறது, பாயின்டிங்-ராபர்ட்சன் இழுவை என்று பெயர். அதனால் தூசு கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கிச் சுருண்டு போகும். கதிர்வீச்சுப் பட்டைத் துகள்கள் வேறு அதை அரித்துக்கொண்டே இருக்கின்றன. மைக்ரான் அளவுத் தூசு சில ஆயிரம் ஆண்டு தாக்குப்பிடித்தாலே பெரிது. சூரியக் குடும்பத்துக்கு 450 கோடி ஆண்டு வயது. ஆக, இன்றைக்கு நாம் பார்க்கும் தூசு அண்மையில் கிளம்பியது, இப்போதும் கிளம்பிக்கொண்டே இருக்கிறது.

நெடுவழி, நீங்கள் சொன்ன விளிம்பையே எடுத்துக்கொள்வோம். வெளி விளிம்பு 129,000 கிமீயில் சட்டென்று முடிகிறது, சரி. உள் விளிம்பு? அங்கே கூர்மையாக எதுவுமே இல்லை. உள்ளே போகப்போக வளையம் மெல்ல மங்கி, 122,500 கிமீ வாக்கில் தடித்துப் பரந்த ஒளிவட்டமாக மாறுகிறது. அந்தப் பக்கம் மேய்ப்பனும் கிடையாது. தூசு அட்ராஸ்டியாவில் புறப்பட்டு உள்நோக்கி மட்டும் நகர்கிறது என்று வைத்தால் இரண்டு விளிம்பும் ஒரே விளக்கத்தில் அடங்கிவிடும்.

நெடுவழி:

டீச்சர், உள் விளிம்பு வாதம் வலுவானது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஈர்ப்புக்கு அங்கே பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாதே. மீட்டிஸின் பாதையை ஒட்டி வளையத்தின் வெளிச்சம் குறைந்து ஒரு பள்ளம் தெரிகிறது. 2007 பிப்ரவரியில் நியூ ஹொரைசன்ஸ் புளூட்டோவுக்குப் போகிற வழியில் எடுத்த படங்களில் மீட்டிஸ், அட்ராஸ்டியா பாதைகளைச் சுற்றிச் சில நூறு கிமீ அகலத்தில் ஒல்லியான உள்வளையங்கள் தெரிந்தன, கட்டிகட்டியாகச் சில துண்டுகளும் தெரிந்தன. தூசு கிளம்பிச் சும்மா உள்ளே நகர்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவீர்கள்?

விண்தச்சன்:

நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். சூரியன் நமக்குப் பின்னால் இருக்கும்போது எடுக்கும் படத்தில் பெரிய கற்கள் தெரியும், சூரியன் எதிரே இருக்கும்போது எடுத்தால் தூசு பளிச்சென்று தெரியும். மைக்ரான் அளவுத் துகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும். வாயேஜர் 2ம் கலிலியோவும் எடுத்த அருமையான வளையப் படங்கள் விண்கலம் வியாழனின் நிழலுக்குள் போய்ச் சூரியன் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தபோது கிடைத்தவை.

நீங்கள் சொல்லும் ஒல்லி வளையங்கள் முதல் வகைப் படத்தில் தெரிபவை. அவை தாய்க்கற்கள், சென்டிமீட்டரிலிருந்து பல மீட்டர் வரை இருக்கலாம். மீட்டிஸ், அட்ராஸ்டியா இரண்டின் ஈர்ப்பும் அவற்றை ஒழுங்குபடுத்துகிறது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்தக் கற்களும் அடி வாங்கித் தூசு விடுகின்றன. நிலவு அங்கே மூன்று வேலை பார்க்கிறது: தூசு தருகிறது, தன் பாதையில் வரும் தூசைத் திரும்பப் பெருக்கி எடுத்துக்கொள்கிறது, பக்கத்துக் கற்களை ஈர்ப்பால் அசைக்கிறது. கல்லுக்கு ஈர்ப்பு முக்கியம், தூசுக்குப் பிறப்பிடம் முக்கியம். இன்னொன்று, நியூ ஹொரைசன்ஸ் அந்தப் பட்டையில் புது நிலவுகளைத் தேடவும் செய்தது. கிட்டத்தட்ட 1 கிமீக்குப் பெரிதாக எதுவும் சிக்கவில்லை.

இரவாடி தம்பி, உனக்குக் கணக்கு வரும் என்றாய். காஸமர் வளையங்கள் என்று முதன்மை வளையத்துக்கு வெளியே இன்னும் சன்னமாக இரண்டு உண்டு. ஒன்று அமால்தியா வரைக்கும், மற்றது தீபி வரைக்கும். அமால்தியா 181,400 கிமீ தூரத்தில், பாதையின் சாய்வு ஏறக்குறைய 0.38 டிகிரி. தீபி 221,900 கிமீ தூரத்தில், சாய்வு 1.08 டிகிரி. ஒவ்வொரு நிலவும் நடுக்கோட்டுத் தளத்துக்கு மேலும் கீழும் எவ்வளவு தூரம் போய்வரும் என்று போட்டுப் பார்.

இரவாடி:

போட்டேன். அமால்தியாவுக்கு 181,400 × சைன் 0.38 = சுமார் 1,200 கிமீ. மேலும் கீழும் சேர்த்து 2,400. தீபிக்கு 221,900 × சைன் 1.08 = சுமார் 4,180, மொத்தம் 8,360 கிமீ. இதை எதோடு ஒப்பிட வேண்டும்?

விண்தச்சன்:

கலிலியோ படங்களில் அளந்த வளையத் தடிமனோடு. அமால்தியா வளையம் ஏறக்குறைய 2,300 கிமீ. தீபி வளையம் ஏறக்குறைய 8,400 கிமீ.

இரவாடி:

அப்படியே ஒட்டுகிறதே! அப்படியென்றால் வளையத்தின் தடிமனை நிலவின் சாய்வே தீர்மானிக்கிறதா? இது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நிலவு ஒரு சாய்ந்த வட்டத்தில்தானே ஓடுகிறது, அதிலிருந்து கிளம்பும் தூசும் அதே சாய்ந்த வட்டத்தில்தானே ஓட வேண்டும்? அப்போது சாய்ந்த ஒரு தட்டு அல்லவா கிடைக்க வேண்டும், தடித்த வளையம் எப்படி வருகிறது?

மேகலை டீச்சர்:

தம்பி கேட்டது சரியான கேள்வி, இதில்தான் விஷயமே இருக்கிறது. தூசு நிலவை விட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்குச் சில பத்து மீட்டர். நிலவின் ஓட்டமோ நொடிக்கு 26 கிமீக்கு மேல். அதனால் கிளம்பிய துகள் நிலவின் சாய்வை அப்படியே வாங்கிக்கொண்டு போகிறது. ஆனால் வியாழன் சரியான உருண்டை இல்லை, நடுவில் நன்றாகப் பருத்த கோள். அந்தப் பருமன் ஒவ்வொரு சாய்ந்த பாதையையும் மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும், சாய்வின் அளவு மாறாது, சாயும் திசை மட்டும் சுழலும். கோளுக்கு நெருங்கிய பாதை வேகமாகத் திரும்பும், தள்ளியிருப்பது மெதுவாக. எனவே கொஞ்சம் வேறுபட்ட தூரங்களில் இருக்கும் துகள்களின் சாய்வுத் திசைகள் சீக்கிரமே ஒன்றுக்கொன்று விலகிப் போய்விடும். எல்லாத் திசையிலும் சாய்ந்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததாக நினைத்துக்கொள், மொத்தத்தில் ஒரு தடித்த வளையம் வந்துவிடும், அதன் உயரம் சரியாக நிலவு போய்வரும் உயரம்.

இதைவிட எனக்குப் பிடித்த ஒரு விவரம் அந்தப் படங்களில் உண்டு. பக்கவாட்டில் பார்த்தால் வளையத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் நடுப்பகுதியைவிடப் பிரகாசமாக இருக்கின்றன. ஊஞ்சல் இரண்டு முனையிலும் ஒரு கணம் தயங்கி நடுவில் விர்ரென்று போகிறது அல்லவா, தூசும் அப்படித்தான், உச்சியிலும் அடியிலும் அதிக நேரம் தங்குகிறது. எந்த நேரத்தில் பார்த்தாலும் அங்கே அதிகத் துகள் இருக்கும். ஜோசப் பர்ன்ஸும் குழுவினரும் 1999ல் இதை வெளியிட்டார்கள். நிலவிலிருந்துதான் தூசு வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. தூசு வேறு எங்கிருந்தாவது வந்திருந்தால் அமால்தியாவின் சாய்வை அது எதற்காகத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்?

நெடுவழி:

சரி, இந்தக் கணக்கு என்னை ஏற்க வைத்துவிட்டது. ஆனால் தீபிக்கு வெளியிலும் மங்கலாகத் தூசு நீட்டிக்கொண்டிருக்கிறதே. எல்லாம் உள்நோக்கி நகர்கிறது என்றால் அது எப்படி அங்கே போயிற்று?

விண்தச்சன்:

நிழலால். துகள்களுக்கு மின்னூட்டம் உண்டு. வெயிலில் ஒளி பட்டு எலக்ட்ரான்களை இழக்கும், வியாழனின் நிழலுக்குள் போனதும் அந்த இழப்பு நின்று மின்னூட்டம் மாறிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படி மாறிமாறி வரும்போது கோளின் காந்தப்புலம் துகளைப் பிடித்து இழுக்கும் அளவும் மாறும், அதனால் பாதை நீள்வட்டமாக நீண்டு தீபியைத் தாண்டியும் துகள் போய்வரும். ஹாமில்டன், க்ரூகர் இருவரும் 2008ல் இதை விளக்கினார்கள். கலிலியோ தன் கடைசிக் காலத்தில், 2002 நவம்பரில், அந்த வளையத்துக்குள்ளேயே புகுந்து போனது. அதிலிருந்த தூசு உணர்கருவியின் அளவீடுகள் இதற்குப் பெரிய உதவி. உட்பக்கத்து ஒளிவட்டம் தடித்திருப்பதற்கும் காந்தப்புலம்தான் காரணம். 122,000 கிமீ வாக்கில் துகளின் ஓட்டமும் காந்தப்புலத்தின் சுழற்சியும் 3:2 என்ற கணக்கில் ஒத்துப்போகும் ஓர் இடம் உண்டு. அதைக் கடக்கும் தூசெல்லாம் மேலும் கீழுமாகத் தூக்கி வீசப்படுகிறது.

ஆலங்காயத்தான்:

எங்கள் ஊர்ப் பக்கத்துச் செய்தி ஒன்று இதில் வர வேண்டும், அதனால் எழுதுகிறேன். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று உலகம் அறிந்தது 1977 மார்ச் 10ல். யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று பல நாடுகளில் காத்திருந்தார்கள். எலியட், டன்ஹம், மிங்க் மூவரும் கைப்பர் பறக்கும் ஆய்வகத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்தபடி பார்த்தார்கள். கோள் நெருங்கும் முன்பே நட்சத்திரம் பலமுறை மங்கி மங்கி மீண்டது, கோள் விலகிய பிறகும் அதே மாதிரி நடந்தது. வளையம் என்று முடிவுக்கு வந்தார்கள்.

அதே இரவு ஜவ்வாது மலையில் காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் நேரப்படி நள்ளிரவு தாண்டிவிட்டது. அவர்களுடைய பதிவிலும் மங்கல் விழுந்தது. யுரேனஸின் புதிய துணைக்கோள் என்ற விளக்கத்தோடு நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். பிறகு அதே ஆண்டு பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் வளையத் தொகுதி என்றே விரிவாக எழுதினார்கள். யுரேனஸ் வளையங்களைப் பற்றிய பேச்சில் காவலூர் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அது எனக்குப் பொறுக்காது. இந்த இழையிலாவது இருக்கட்டும்.

மேகலை டீச்சர்:

ஐயா, எழுதியதற்கு மிக்க நன்றி. வகுப்பில் ஒளிமறைப்பு என்று வரும்போது இனி காவலூரையே உதாரணமாகச் சொல்வேன்.

யுரேனஸ் பேச்சு வந்துவிட்டதால் அதிலும் மங்கலான வளையங்கள் உண்டு என்று சொல்லிவிடுகிறேன். ஹப்பிள் படங்களில் ஷோவால்டரும் லிஸ்ஸவரும் கண்டுபிடித்து 2005 டிசம்பரில் அறிவித்த மியூ, நியூ வளையங்கள். மியூ வளையத்தின் மிகப் பிரகாசமான இடம் மாப் என்ற குட்டி நிலவின் பாதையிலேயே விழுகிறது, கோளின் மையத்திலிருந்து 97,700 கிமீ. நிலவும் வளையமும் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே கதை. ஆனால் மியூ வளையம் நீலமாக இருக்கிறது, அதாவது மிகமிக நுண்ணிய துகள்கள். நீல வளையம் என்று அதற்கு முன் தெரிந்தது சனியின் ஈ வளையம் ஒன்றுதான். அதற்குச் சனியின் நிலவான என்செலடஸின் தென்துருவத்திலிருந்து பீறிடும் பனிதான் ஊற்று என்று 2005ல் கசினி விண்கலம் காட்டியது. என்செலடஸுக்கு 504 கிமீ விட்டம். மாப் அதன் கால்தூசு பெறாது, உள்ளே சூடு தங்கிப் பனி பீறிட வழியே இல்லை.

இரவாடி:

பீறிடவில்லை என்றால் நீலம் எப்படி வந்தது டீச்சர்?

மேகலை டீச்சர்:

ஒரு விளக்கம், அடி வாங்கிக் கிளம்பிய தூசில் கொஞ்சம் பெரியவை மாப்பின் பாதைக்கு அருகிலேயே சுற்றி மறுபடி அதன் மேல் விழுந்துவிடுகின்றன, மிக நுண்ணியவற்றை மட்டும் ஒளியழுத்தமும் மின்காந்த விசையும் அகலமாகப் பரப்பி விடுகின்றன என்பது. விண்தச்சன் சொன்ன மூன்று வேலையில் இரண்டாவது வேலை, பெருக்கி எடுப்பது, அதுவே இங்கே சல்லடையாகிறது.

நெடுவழி:

நியூ வளையத்துக்கு நிலவு எது? போர்ஷியா, ரோசலிண்ட் என்ற இரண்டு நிலவுகளின் பாதைகளுக்கு நடுவில் அது தனியாகக் கிடக்கிறதே. அங்கே நிலவே இல்லாமல் வளையம் இருக்கிறது என்றால் உங்கள் விளக்கத்துக்கு அது எதிர்ச்சாட்சி இல்லையா?

விண்தச்சன்:

சனியின் ஜி வளையத்தைப் பற்றியும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் நிலவு இல்லாத மங்கலான வளையம் என்று. 2008ல் கசினி படங்களில் அதற்குள்ளேயே ஏகியான் கிடைத்தது, ஒரு கிமீ விட்டம்கூட இல்லாத துண்டு. ஜி வளையத்தில் ஒரு பகுதி மட்டும் பிரகாசமான வில்லாக இருக்கிறது, ஏகியான் அந்த வில்லுக்குள் ஓடுகிறது. தூசு கொடுப்பது ஏகியானும் கூட இருக்கும் கற்களும். அவை வளையம் முழுக்கப் பரவிப் போகாமல் வில்லாகவே நிற்பதற்குக் காரணம் தூரத்தில் இருக்கும் மைமாஸ் நிலவு, 7:6 ஒத்ததிர்வு, அதாவது மைமாஸ் ஆறு சுற்று முடிக்கும் நேரத்தில் இவை ஏழு சுற்று முடிக்கின்றன. நீங்கள் முதலில் சொன்ன ஈர்ப்பும் நான் சொன்ன பிறப்பிடமும் ஒரே இடத்தில் சேர்ந்து வேலை செய்வதை அங்கே பார்க்கலாம், இழை முழுக்க நாம் வாதாடியதற்கு அது நல்ல விடை.

நியூ வளையத்துக்கும் அப்படிக் கண்ணுக்கு எட்டாத சின்னக் கற்கள் இருக்க வேண்டும் என்பதுதான் கருத்து.

இரவாடி:

2025ல் வெப் யுரேனஸுக்கு ஒரு புது நிலவைக் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்ததே, 10 கிமீ அளவில். அதுதான் நியூ வளையத்தின் தாயாக இருக்குமோ?

விண்தச்சன்:

இருக்காது தம்பி. அந்த நிலவு ஏறக்குறைய 56,000 கிமீ தூரத்தில், ஒஃபீலியாவுக்கும் பியாங்காவுக்கும் நடுவில் ஓடுகிறது. நியூ வளையத்தின் உச்ச வெளிச்சம் 67,000 கிமீயைத் தாண்டித்தான் வருகிறது. ஆனால் 10 கிமீ அளவு நிலவு ஒன்று வாயேஜர் கண்ணிலிருந்தே தப்பியிருக்கிறது என்றால், ஒரு கிமீ அளவுள்ளவை எத்தனை அங்கே இருக்கலாம் என்று யோசித்துப் பார்.

அவற்றின் தூசைப் பார்க்க வேண்டுமானால் சூரியன் எதிரே இருக்கும் கோணத்தில்தான் பார்க்க வேண்டும். பூமியிலிருந்து அந்தக் கோணம் கிடைக்கவே கிடைக்காது, யுரேனஸைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். 1986 ஜனவரியில் வாயேஜர் 2 அப்படித் திரும்பி 96 நொடி திறந்து வைத்து ஒரு படம் எடுத்தது. வளையங்களுக்கு இடையில் வெறுமையாகத் தெரிந்த இடமெல்லாம் தூசுப் பட்டைகளாக நிறைந்திருந்தன. அந்த இடத்துக்குப் பிறகு எந்தக் கலமும் போகவில்லை. யுரேனஸுக்கு ஒரு சுற்றுக்கலம் அனுப்புவதே முதல் பெரிய திட்டமாக இருக்க வேண்டும் என்று 2022ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை பரிந்துரைத்திருக்கிறது. அது போனால் மியூ, நியூ இரண்டின் தடிமனையும் அளந்து, நீ அமால்தியாவுக்குப் போட்ட அதே கணக்கை மாப்புக்கும் போட்டுவிடலாம்.